சோதனை உண்டு, வைத்தியம் இல்லை

2006ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாகப் போனேன். கம்பெனியின் பேர் இங்கே வேண்டாம். முதல் நாள் ஒரு டாக்டரைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் முப்பது பேரையும் வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். சீட்டில் சீல் குத்தினார். எனக்கு அப்போது பத்து நாளாக நெஞ்சுச் சளி. அதைச் சொன்னேன். "அதுக்கு நான் வரலப்பா. ஆளு ஒழைப்பானான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

அந்தப் பேச்சை இன்றுவரை நான் மறக்கவில்லை. திருநங்கைகளின் உடம்புக்கும் இந்த நாட்டின் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பிற்பாடு நான் தேடிப் படித்ததெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் எங்களிடம் பலமுறை வந்திருக்கிறார். சோதித்துவிட்டுப் போயிருக்கிறார். வைத்தியம் பார்க்க வந்ததுதான் குறைவு.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஆபரேசன், ஹார்மோன் இதெல்லாம் உங்க சொந்த விசயம் தோழர். சாதி ஒழிப்பு மேடையில இத எதுக்குக் கொண்டாறீங்க?" எனக்குக் கோபம் வரவில்லை. அவர் படித்த சரித்திரத்தில் நாங்கள் இல்லை, அவ்வளவுதான். நான் காலனியில் பிறந்தவள். நான் வேலை பார்த்த கம்பெனி நிற்கிற இடம் எங்க ஆயா நாத்து நட்ட கயினி. ஆயா நட்டதே தவிர அந்த மண் ஒரு நாளும் அதன் பேரில் இருந்ததில்லை. சாதியையும் இந்த உடம்பையும் தனித்தனியாகக் கழற்றி வைத்துவிட்டு மேடை ஏற எனக்குத் தெரியாது. ஆகவே அந்தத் தோழருக்குப் பதிலாக இந்தச் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

1

எங்கள் பக்கத்துத் தலித் மக்களுக்குப் பதிவேடு என்றால் என்ன என்று தெரியும். அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அடுத்த வருஷம், 1892இல், ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதும், அதைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இதைப் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. எங்கள் பேர் இருக்க வேண்டிய பதிவேட்டில் இருந்து நாங்கள் காணாமல் போனோம்.

இருக்கக் கூடாத பதிவேடு ஒன்றும் உண்டு. 1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். அந்த வருஷத்தின் 27ஆவது சட்டம் அது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி கைரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டது வழியாகத் தமிழ்நாட்டில் நாம் அந்தச் சட்டத்தை அறிவோம். பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று: 1871 சட்டத்துக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகம் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்ட சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும். இரண்டாம் பாகம் முழுக்க 'யூனக்' என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தவர்களுக்கு. அதாவது ஹிஜ்ராக்களுக்கு, எங்களுக்கு. வடநாட்டு மாகாணங்களில் அது நடப்புக்கு வந்தது.

அந்த இரண்டாம் பாகம் சொன்னது என்ன? பிள்ளை கடத்துகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஆண்மை நீக்குகிறவர்கள், 377ஆவது பிரிவுக் குற்றம் செய்கிறவர்கள் என்று சந்தேகப்படுகிற யூனக்குகளின் பேரையும் இருப்பிடத்தையும் போலீஸ் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சந்தேகம் போதும், நிரூபணம் தேவையில்லை. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணைப் போல உடுத்தி, நகை போட்டுத் தெருவில் வந்தால், ஆடினால், பாடினால் இரண்டு வருஷம் வரை ஜெயில். பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பையன் அவரோடு வீட்டில் இருந்தாலும் தண்டனை. அவர் பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, யாருக்கும் தானமாகச் சொத்துக் கொடுக்க முடியாது. குரு தன் சேலாவுக்கு எதையும் விட்டுப்போக வழியில்லாமல் செய்துவிட்டார்கள். அந்தத் தலைமுறை இருக்கட்டும், அடுத்த தலைமுறை வரக்கூடாது என்பதுதான் கணக்கு.

யார் யூனக் என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? தானே ஒப்புக்கொள்கிறவர், அல்லது மருத்துவச் சோதனையில் ஆண்மையில்லாதவர் என்று தெளிவாகத் தெரிகிறவர். இந்த இரண்டாவது சொல்லைக் கவனியுங்கள். இந்தியாவில் எங்களைப் பற்றி எழுதப்பட்ட சட்டத்துக்குள் டாக்டர் நுழைந்த விதம் இதுதான். துணியை அவிழ்த்துப் பார்த்துப் போலீசுக்குச் சொல்கிற ஆளாக நுழைந்தார்.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கும் இதே கதை. பெண் உடையில் பாடிக்கொண்டிருந்ததால் போலீஸ் பார்வையில் விழுந்த ஆள். சிவில் சர்ஜனிடம் கொண்டுபோய் உடம்பைச் சோதித்தார்கள். அந்தச் சோதனையை வைத்து 377இல் தண்டித்தார் செசன்ஸ் நீதிபதி. எப்போது, எங்கே, யாரோடு என்று எந்தக் குற்றமும் சொல்லப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குற்றமே இல்லாமல் உடம்பு மட்டும் சாட்சி ஆகிய வழக்கு அது.

1911இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இந்த இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் புத்தி போகவில்லை. நிஜாமின் ஹைதராபாத்தில் 1919இல் அதேபோல ஒரு யூனக் சட்டம் போட்டார்கள். அது தெலங்கானாவில் 2023 ஜூலை வரை ஏட்டில் இருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம்தான் அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று அதைத் தள்ளியது. இருங்காட்டுக்கோட்டை வழியாகப் போகிற பெங்களூர் ரோட்டில் ஓசூர் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2011இல், ஆமாம் தோழர்களே, 1911 அல்ல 2011இல், போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து யூனக்குகளுக்குப் பதிவேடு வைக்கலாம் என்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகுதான் அந்த வார்த்தை மாறியது.

2

வைத்தியத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனிச் சட்டம் தேவையில்லை. வேறு சட்டமே போதும்.

1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 320ஆவது பிரிவு கொடுங்காயம் எவை எவை என்று எட்டு வகை சொல்கிறது. முதல் வகையே ஆண்மை நீக்கம். 87ஆவது பிரிவு, பதினெட்டு வயசு தாண்டிய ஆள் சம்மதித்தாலும் கொடுங்காயம் என்று தெரிந்தே செய்கிற செயலுக்குச் சம்மதம் காப்பாகாது என்கிறது. 88ஆவது பிரிவில் ஒரு கதவு இருக்கிறது: அந்த ஆளின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அவர் சம்மதத்தோடு செய்தால் குற்றமில்லை. சர்ஜன்கள் கத்தி பிடிப்பது இந்தக் கதவின் தைரியத்தில்தான். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த ஏற்பாடு பேர் எண் மாறி அப்படியே வந்திருக்கிறது.

நன்மை எது என்று யார் சொல்வது? நான் சொன்னால் செல்லாது. எனக்கு நோய் என்று மனநல டாக்டர் எழுதித் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் இதை மனநோய் வரிசையில் இருந்து எடுத்துவிட்டது. அதற்கு முன்னால் நாங்களெல்லாம் நோயாளி என்று ஒப்புக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டியிருந்தது.

வாசலை மிதிக்க முடியாதவர்கள் தாயம்மாவிடம் போனார்கள். ஜமாத்தில் இதற்கு நிர்வாணம் என்று பேர். மயக்க மருந்து கிடையாது. கத்தி, சாமி படம், தாயம்மாவின் கை. நாற்பது நாள் கழித்துப் பிழைத்து எழுந்தால் மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கொண்டாடுவார்கள். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆஸ்பத்திரி கதவை யார் பூட்டினார்கள் என்று எழுதவில்லை.

எங்கள் ஜமாத்தில் ஒரு அக்கா ஆந்திரா பக்கம் போய் நிர்வாணம் செய்துகொண்டது. மூன்றாம் நாள் ரத்தம் நிற்கவில்லை. கூட இருந்தவர்கள் ஆட்டோ கூப்பிடவே பயந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் போலீசுக்குச் சொல்வான், ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும், தாயம்மாவையும் பிடிப்பான், வந்தவர்களையும் பிடிப்பான். விடியட்டும் என்றார்கள். விடியும்போது அக்கா இல்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட அதன் தம்பிக்குத் தெரியாது. அந்த அக்காவைக் கொன்றது கத்தி என்று சொன்னால் அது பாதிதான்.

நான் மெடிக்கல் ஷாப்பில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கி அளவு தெரியாமல் முழுங்கிக்கொண்டிருந்தேன். கால் வீங்கும், தலை சுற்றும். லைனில் நிற்க முடியாது. சூப்பர்வைசர் "குடிச்சிட்டு வந்தியா?" என்பான். கேட்டில் தினமும் உடம்பைத் தடவிச் சோதிக்கிற செக்யூரிட்டிக்கு மார்பு மாறுவது முதலில் தெரிந்தது. சிரித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அதற்கப்புறம் நான் அந்த கேட்டுக்குள் போகவில்லை.

3

தமிழ்நாட்டில் நல்லதும் நடந்தது. அதை மறைத்து எழுதினால் சரித்திரம் ஆகாது. 2008 ஏப்ரல் 15ஆம் தேதி அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. இந்தியாவிலேயே முதல். அதை ஒட்டிய காலத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்ய வழி வந்தது. அது அரசாங்கம் இரங்கிக் கொடுத்தது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூவாகத்தில் கூடினவர்கள், செத்தவர்களின் கணக்கை அதிகாரிகளின் மேஜையில் கொண்டுபோய் வைத்தவர்கள், மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள், அவர்கள் வாங்கியது அது. நானும் 2012இல் ஒரு அரசு ஆஸ்பத்திரியில்தான் செய்துகொண்டேன். ஒன்பது தரம் அலையவிட்டார்கள். "வீட்ல இருந்து யாரையாவது கூட்டியா" என்றார்கள். கூலிக்குப் போகிற எங்கம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கைநாட்டு வைத்தது. உயிரோடு வந்தேன். அந்த அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது.

2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். என் பாலினத்தை நானே சொல்லலாம், அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள் என்று நிபந்தனை போடுவது சட்டவிரோதம் என்றார்கள். 2015 ஏப்ரல் 24இல் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளாமல் 2016இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் மாவட்டத்துக்கு ஒரு சோதனைக் குழு. தலைமை மருத்துவ அதிகாரி, சமூக நல அதிகாரி, மனநல நிபுணர், எங்களில் ஒருவர், அரசு அதிகாரி ஒருவர். இவர்கள் பார்த்து, ஆமாம் இவர் திருநர்தான் என்று சொல்ல வேண்டும். 1871இன் மருத்துவச் சோதனை கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது என்றுதான் எனக்குப் பட்டது. போதாததற்குப் பிச்சை எடுக்கத் தூண்டுவது குற்றம் என்ற பிரிவு. கடை கேட்டுப் பிழைக்கிற ஜமாத்தின் மேல் குறிவைத்த பிரிவு அது. 2018 டிசம்பரில் மக்களவை அதை நிறைவேற்றியது. நாடு முழுக்கத் தெருவுக்கு வந்தோம். மசோதா காலாவதி ஆனது. 2019இல் மறுபடி வந்தபோது சோதனைக் குழுவும் பிச்சைப் பிரிவும் இல்லை. எதிர்த்தால் மசோதா மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் 2019 நவம்பர் 26ஆம் தேதி, அரசியல் சட்ட நாளன்று, மாநிலங்களவையில் நிறைவேறி 2020 ஜனவரி 10 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்திலும் முடிச்சு இருந்தது. திருநர் என்று சான்றிதழ் வாங்கக் கலெக்டரிடம் போக வேண்டும். ஆண் அல்லது பெண் என்று வாங்க வேண்டுமானால் ஆபரேசன் ஆனதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டும். நால்சா தீர்ப்பு எதைச் சட்டவிரோதம் என்றதோ அது. 15ஆவது பிரிவில் ஹார்மோன் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, காப்பீடு எல்லாம் அரசு செய்யும் என்று எழுதினார்கள். செய்யாவிட்டால் என்ன என்று எழுதவில்லை. 2022இல் ஆயுஷ்மான் பாரத்தில் திருநர்களுக்கு வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் காப்பீடு என்று அறிவித்தார்கள். அதற்குத் தேசிய இணையதளம் வழியாக வாங்கிய திருநர் சான்றிதழ் வேண்டும். ஆக, பெண் என்று காகிதம் வேண்டுமானால் முதலில் ஆபரேசன் செய். ஆபரேசனுக்குக் காசு வேண்டுமானால் முதலில் நீ பெண் இல்லை, திருநர் என்று காகிதம் வாங்கு. வாடகை வீட்டில் இருந்து துரத்தப்பட்டு, ரேஷன் கார்டில் அப்பன் பேரை நீக்கிவிட்ட காலனிப் பிள்ளை இந்த வட்டத்தில் எந்தப் பக்கமாக நுழையும்?

4

சட்டமன்றங்கள் நேராகவே வைத்தியத்தைத் தடுக்கிற காலமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2021இல் அர்கன்சா மாநிலம் பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட திருநர் பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையைத் தடைசெய்தது. அதுதான் அங்கே முதல். பிறகு இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்னால் போயின. டென்னசி மாநிலத்தின் 2023 சட்டத்தை 2025 ஜூன் 18ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்றது. அர்ஜென்டினா 2012இல் உலகத்துக்கே முன்மாதிரியான சட்டம் போட்ட நாடு. நீதிபதியோ டாக்டரோ அனுமதிக்க வேண்டாம், சிகிச்சையும் உரிமை என்றது. அங்கேயே 2025 பிப்ரவரியில் பதினெட்டு வயசுக்குக் கீழே தடை என்று ஆணை வந்தது. ஜெர்மனியில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய நிலையத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1933 மே மாதம் நாஜிகள் புகுந்து சூறையாடி அதன் நூலகத்தை நெருப்பில் போட்டார்கள். வாங்கிய உரிமை பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே தடை என்று நம்மிலும் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு மதுரையில் இருந்து பதில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 22ஆம் தேதி மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அருண்குமார் – ஸ்ரீஜா திருமண வழக்கில் தீர்ப்புச் சொன்னார். ஊடுபால் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே ஆணென்றோ பெண்ணென்றோ வெட்டித் தைக்கிற அறுவைச் சிகிச்சை கூடாது என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆகஸ்டு 13ஆம் தேதி தமிழக அரசு அதை அரசாணையாகப் போட்டது. இந்தியாவில் முதல். பேசத் தெரியாத குழந்தையின் உடம்பில் கை வைக்காதே, அது வளர்ந்து தானே சொல்லட்டும் என்பது அதன் பொருள்.

அர்கன்சா சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஊடுபால் உடம்போடு பிறந்தவர்களுக்குச் செய்கிற சிகிச்சைக்கு விலக்கு உண்டு. கேட்கத் தெரியாத குழந்தையை வெட்டலாம். கேட்கத் தெரிந்த, அம்மா அப்பா கூட்டிவந்த, டாக்டரும் சம்மதித்த பதினாறு வயசுப் பிள்ளைக்கு மருந்து கிடையாது. பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தைக் காப்பாற்றுகிற சட்டம் அது. கட்டத்துக்குள் தள்ள வெட்டு, கட்டத்தை விட்டு வெளியே வந்தால் பூட்டு. சேரிக்கும் ஊருக்கும் நடுவே கோடு போட்டவர்களின் புத்தியை அறிந்த நமக்கு இது புரியாமல் போகாது.

சிகிச்சை எல்லாமே நல்லபடி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலையில் கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ், தனக்குச் செய்த ஆபரேசன் கெட்டுப்போனதென்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் அவர் செத்துக் கிடந்தார். அந்தச் சாவைக் காட்டி ஆபரேசனே வேண்டாம் என்பது, பிரசவத்தில் தாய் செத்தால் ஆஸ்பத்திரியை மூடு என்பது போல. கேட்க வேண்டியது கற்ற டாக்டரையும், கணக்குக் காட்டுகிற ஆஸ்பத்திரியையும், தவறுக்குத் தண்டனையையும்தான்.

5

இன்றைக்கு நான் ஒரகடம் ரோட்டில் இட்லிக்கடை போட்டிருக்கிறேன். ஷிப்டு முடிந்து வருகிற பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் என்னை அம்மா என்று கூப்பிடுகிறார்கள். ஒன்று கம்பெனியில் பையன் பேரில், பையன் வரிசையில் நிற்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். 2019 ஜூலைக் கணக்குப்படி தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். "எம்மா, அந்தக் கார்டுல போய் ஹார்மோன் பத்திக் கேட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டது. அதுவும் மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையைத்தான் வாங்கிப் போடுகிறது. எனக்கு அந்த ஆந்திரா அக்கா ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தூங்கட்டும், திங்கட்கிழமை லீவு போடச் சொல்லி நானே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். ஒரு நாள் சம்பளம் போகும். அதை நான் கொடுத்துவிடலாம். நாற்பது நாள் லீவு கேட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வானே, அதற்கு நான் என்ன செய்ய?

அதனால்தான் அந்தத் தோழரிடம் சொல்கிறேன். இது மேடைக்கு வர வேண்டிய விசயம். வைத்தியத்துக்கு முன்னால் சான்றிதழ் கேட்கிற சட்டம் எந்த உருவில் வந்தாலும் தலித் இயக்கம் எதிர்க்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்களின் பேர்ப்பட்டியல் அதிகாரியின் கைக்குப் போகக் கூடாது. ஈ.எஸ்.ஐ.யில் ஹார்மோனும் ஆபரேசனும் சேர வேண்டும், காண்ட்ராக்ட் ஆளுக்கும் அந்த நாற்பது நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். ஊடுபால் குழந்தைகளின் மேல் கத்தி வைக்காதே என்ற தமிழ்நாட்டு ஆணை நாடு முழுக்க வர வேண்டும்.

1871இல் ஒரே சட்டத்தின் இரண்டு பாகங்களில் நம்மைப் பிரித்து எழுதினான் வெள்ளைக்காரன். முதல் பாகத்துக்காரர்கள் இரண்டாம் பாகத்தைப் படிக்காமல் விட்டார்கள். இரண்டாம் பாகத்துக்காரர்களுக்கு முதல் பாகம் தெரியாது. இப்போதாவது இரண்டையும் சேர்த்துப் படிப்போம்.